சங்கொலி சேகரிக்கலாம் வாருங்கள்

தபால்தலை சேகரிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பழைய நாணயமும் கிளிஞ்சலும் தீப்பெட்டிப் படமும் சேர்த்து வைத்திருப்பவர்கள் உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம். ஊர்ச் சைரன் ஒலியைச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா?

பிரான்ஸ் நாட்டில் மாதத்தின் முதல் புதன்கிழமை நண்பகலில் எச்சரிக்கைச் சைரன்களை ஒலிக்கவிட்டுச் சோதிக்கிறார்கள். ஆஸ்திரியாவில் சனிக்கிழமை நண்பகலில் சோதனை. சுவிட்சர்லாந்தில் ஆண்டுக்கு ஒருமுறை, பிப்ரவரி முதல் புதன்கிழமை. அமெரிக்காவில் சூறாவளி சுழன்றடிக்கும் ஊர்களிலும் இப்படி நாள் குறித்துச் சோதிப்பது வழக்கம். அந்த நேரத்துக்காகக் கையில் ஒலிப்பதிவுக் கருவியுடன் காத்திருப்பவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. எந்தச் சைரன், எவ்வளவு தூரத்திலிருந்து கேட்டோம், அன்று காற்று எந்தப் பக்கம் என்று எல்லாவற்றையும் எழுதி வைக்கிறார்கள்.

இந்தப் பொழுதுபோக்குக்குத் தூத்துக்குடியைப் போல ஏற்ற ஊர் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை என்று நான் நினைக்கிறேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வெட்டவெளியாக உப்பளம். துறைமுகத்தில் கப்பல் ஹாரன், ஊருக்குள் ஆலைச் சங்கு. தூத்துக்குடியில் கோரல் மில் 1888-இல் தொடங்கியது, 1908-இல் வ.உ.சி. முன்னின்று நடத்திய வேலைநிறுத்தம் அந்த ஆலையில்தான் நடந்தது. அந்தக் காலத்துத் தொழிலாளர் வீடுகளில் கடிகாரம் அபூர்வம். ஆலைச் சங்கு ஊதினால் எழுந்திருப்பார்கள், மறுபடி ஊதினால் ஆலைக்குள் நுழைவார்கள். பல ஊர்களில் நகராட்சிச் சங்கும் இருந்தது. வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள், "ஒன்பது மணிச் சங்கு" என்று ஏதாவது ஒரு சங்கை நினைவிலிருந்து சொல்வார்கள்.

சங்கு என்று நாம் அழைக்கும் இந்தச் சைரன் இயந்திரத்துக்குள் இனி போய்ப் பார்ப்போம். நிஜச் சங்கை ஊதும்போது நம் உதடு அதிர்கிறது, உள்ளே சுருண்டிருக்கும் காற்று அந்த அதிர்வை வாங்கிப் பெருக்குகிறது. சங்கின் உள்வளைவு எவ்வளவு நீளமோ அதைப் பொறுத்துச் சுருதி அமைகிறது. பெரிய சங்கு தணிந்தும் சின்னச் சங்கு உச்சத்திலும் ஒலிப்பது அதனால்தான். சைரனில் உதடும் இல்லை, சுருளும் இல்லை. ஓரத்தில் வரிசையாகத் துளை போட்ட ஓர் உருளை, அதைச் சுற்றி அதே போலத் துளை போட்ட இன்னோர் உருளை. வெளி உருளை அசையாது. உள்ளே இருப்பதை மோட்டார் சுற்றும். அதன் இறக்கைகள் காற்றை இழுத்து வெளியே தள்ளும். உள்துளையும் வெளித்துளையும் நேருக்கு நேர் வரும்போது காற்று பீறிடும், விலகும்போது அடைபடும். பீறிட்டு, அடைபட்டு, பீறிட்டு, அடைபட்டு... இது நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை நடந்தால் நம் காதுக்கு ஒரே தொடர்ச்சியான ஒலியாகக் கேட்கும்.

வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, பெரியவர் ஒருவர் பின்சக்கரத்தைப் பெடலால் சுற்றட்டும். நீங்கள் நீளமான அட்டைத் துண்டு ஒன்றின் நுனியைக் கம்பிகளில் படும்படி பிடியுங்கள். விரல் சக்கரத்துக்கு அருகே போகவே கூடாது. மெதுவாகச் சுற்றினால் 'டக் டக்' என்று தனித்தனியாகக் கேட்கும். வேகம் கூடக் கூட அது 'டர்ர்' என்று ஒட்டி, பிறகு சுருதியுள்ள ஒலியாகவே மாறும். 36 கம்பி உள்ள சக்கரம் நொடிக்கு 5 சுற்றுச் சுற்றினால் அட்டை 180 முறை அடி வாங்குகிறது. அதைத்தான் 180 ஹெர்ட்ஸ் என்கிறோம்.

சைரனுக்கும் இதே கணக்குதான். உருளையில் 10 துளை, மோட்டார் நொடிக்கு 48 சுற்று என்றால் 10 × 48 = 480 ஹெர்ட்ஸ். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் உடனே முழு வேகத்தை எட்டிவிடாது. கனமான உருளை மெல்ல மெல்ல வேகம் பிடிக்கும், அதற்கேற்ப ஒலியும் அடியிலிருந்து ஏறும். சுவிட்சை அணைத்தாலும் உருளை சட்டென்று நிற்காது. வேகம் பாதியாகக் குறையும்போது 480 ஹெர்ட்ஸ் 240 ஆகிவிடும். சங்கீதம் படிக்கிறவர்களுக்குத் தெரியும், அது சரியாக ஒரு ஸ்தாயி கீழே.

சில சைரன்களில் சுற்றும் உருளைகளே இரண்டு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் ஒலித்த சைரன்களில் ஒரு பக்கம் 10 துளை, மறுபக்கம் 12 துளை இருந்தன. இரண்டும் ஒரே மோட்டாரில் சுற்றுவதால் வேகம் ஏறினாலும் இறங்கினாலும் இரு ஒலிகளுக்கும் இடையே 5-க்கு 6 என்ற விகிதம் மாறவே மாறாது. கீழ் ஒலியை ஸட்ஜமாக வைத்தால் மேல் ஒலி சாதாரண காந்தாரம்! பாட்டு வகுப்பில் ஒருவர் ஸ பிடிக்க, இன்னொருவர் அந்தக் காந்தாரத்தைப் பிடித்துப் பாருங்கள். ஏன் அந்தச் சைரன் வயிற்றைக் கலக்கியது என்று புரியும்.

இந்தக் கருவியை 1819-இல் பிரெஞ்சுக்காரர் காஞ்ஞார் த லா தூர் மேம்படுத்தி, அதற்குச் சைரன் என்று பெயரும் வைத்தார். காற்றில் மட்டுமல்ல, தண்ணீருக்குள் மூழ்கடித்து நீரைச் செலுத்தினாலும் அது ஒலித்தது. கிரேக்கக் கதைகளில் கடலில் பாடும் மாயப் பெண்களின் பெயர் அதற்கு வந்தது அதனால்தான். முதலில் அது ஆய்வுக்கூடத்தில் சுருதியை அளக்கும் கருவியாகத்தான் இருந்தது. ஊரை எழுப்பும் வேலை பின்னால் வந்தது.

எனவே ஒரு நல்ல சைரன் பதிவு கையில் இருந்தால் அந்த இயந்திரத்தைப் பார்க்காமலேயே அதைப் பற்றிப் பலவற்றைச் சொல்லிவிடலாம். ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் இலவசச் செயலிகள் கைப்பேசிக்குக் கிடைக்கின்றன. பதிவை அதில் ஓட்டினால் ஒலி ஒரு கோடாக ஏறி, தட்டையாகப் போய், சரிந்து இறங்குவது கண்ணுக்குத் தெரியும். துளைகளின் எண்ணிக்கை தெரிந்திருந்தால், தட்டையான பகுதியின் அதிர்வெண்ணை அதனால் வகுத்து மோட்டாரின் வேகத்தை அறியலாம். போன ஆண்டுப் பதிவில் இறங்குவதற்கு நெடுநேரம் எடுத்துக்கொண்ட அதே சைரன் இந்த ஆண்டு சட்டென்று அடங்கிவிட்டால், பேரிங் தேய்ந்து உராய்வு கூடியிருக்கலாம். ஒரே சைரனை ஆண்டுதோறும் பதிவு செய்து தேதியோடு வைத்திருப்பவருக்குத்தான் இது தெரியும். இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

அடுத்தது காற்று. தூத்துக்குடியின் திரேஸ்புரம் கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவர்களிடம் கேட்டால் பாடப்புத்தகத்தில் இல்லாததைச் சொல்வார்கள்.

"தாத்தா, கரையில ஊதுற சங்கு கடல்ல உங்களுக்குக் கேக்குமா?"

"கச்சான் அடிச்சா கேக்கும்லே. கொண்டல்னா ஒண்ணும் கேக்காது. கரையில நிக்கிறவன் தொண்டை கிழியக் கத்துனாலும் வள்ளத்துக்கு வராது."

கச்சான் மேற்கிலிருந்து, அதாவது தரையிலிருந்து கடலை நோக்கி அடிப்பது. கொண்டல் கிழக்கே கடலிலிருந்து வருவது. காற்று ஒலியைச் சுமந்துகொண்டு போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது மட்டுமே காரணம் என்றால் வித்தியாசம் இவ்வளவு இருக்காது. ஒலி நொடிக்கு 350 மீட்டர் அளவில் ஓடுகிறது, காற்றோ பத்துப் பதினைந்து மீட்டர்தான். உண்மையான காரணம் உயரத்தில் இருக்கிறது. தரையை ஒட்டி ஓடும் காற்று வீட்டிலும் மரத்திலும் அலையிலும் உரசி வேகம் குறைகிறது. மேலே தடையில்லை, வேகம் அதிகம். காற்றின் திசையில் போகும் ஒலியலையின் மேற்பகுதி அதனால் முந்திக்கொள்கிறது, அலை முழுவதும் கீழ்நோக்கி வளைகிறது. மேலே போய்த் தொலைய வேண்டிய ஒலியும் கீழே இறங்கி வள்ளத்தில் இருப்பவர் காதில் விழுகிறது. எதிர்க்காற்றில் எல்லாம் தலைகீழ். ஒலி மேல்நோக்கி வளைந்து தலைக்கு மேலே போய்விடும். கீழே இருப்பவர் ஒலியின் நிழலில் நிற்கிறார்.

வெயிலும் இதே வேலையைச் செய்யும். சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும். நண்பகலில் உப்பளத்துத் தரை கொதிக்கும்போது தரையை ஒட்டிய காற்று மிகச் சூடாகவும் மேல்காற்று அதைவிடக் குளிர்ந்தும் இருக்கும். அப்போது ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும். இரவில் தரை குளிர்ந்துவிட, மேலே உள்ள காற்றில் இன்னும் வெப்பம் தங்கியிருக்கும். ஒலி கீழே வளையும். பகலில் கேட்காத ரயில் சத்தம் நடுராத்திரியில் தெளிவாகக் கேட்பதற்கு ஊர் அடங்கிவிட்டது மட்டும் காரணமல்ல. ஆகவே, உங்கள் குறிப்பேட்டில் காற்றின் திசையும் நேரமும் கட்டாயம் இருக்க வேண்டும். அவை இல்லாத பதிவு பாதிப் பதிவுதான்.

ஒலியால் ஒரு கூட்டத்தையே கடலுக்குள் அனுப்பிய கதை நம் மன்னார் வளைகுடாவில் உண்டு. இலங்கையைப் பற்றி 1803-இல் வெளிவந்த தம் நூலில் ராபர்ட் பெர்சிவல் என்பவர் அங்குள்ள அரிப்பு என்ற ஊர்க் கரையின் முத்துக்குளிப்பை விவரித்திருக்கிறார். இரவு பத்து மணி வாக்கில் கரையில் ஒரு பீரங்கி வெடிக்கும். உடனே எல்லாப் படகுகளும் தரைக்காற்றில் பாய் விரித்துப் புறப்படும். விடிவதற்குள் முத்துச்சிப்பி கிடக்கும் பாருக்குப் போய்ச் சேர்ந்து, சூரியன் எழுந்ததும் மூழ்கத் தொடங்குவார்கள். நண்பகலில் கடற்காற்று எழும்போது திரும்புவார்கள். படகுகள் கண்ணில் பட்டதும் கரையில் இன்னொரு பீரங்கி வெடிக்கும், கொடி ஏறும். கரையில் காத்திருப்பவர்களுக்கு அது செய்தி. எல்லாப் படகுகளும் ஒன்றாகப் புறப்பட, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும் ஒலி தேவைப்பட்டது. தூத்துக்குடிப் பக்கம் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். சங்குகுளிப்பு இன்னும் நடக்கிறது.

ஆனால் கடலுக்கு அடியில் இருப்பவருக்குப் பீரங்கியும் கேட்காது, சைரனும் கேட்காது. காற்றில் வரும் ஒலி நீர்ப்பரப்பில் மோதியதும் ஏறத்தாழ முழுவதும் மேலேயே திருப்பி அனுப்பப்படுகிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் உள்ளே நுழைகிறது. நீருக்குள்ளேயே பிறக்கும் ஒலி நொடிக்கு 1,500 மீட்டர் வேகத்தில் நெடுந்தூரம் போகும், ஆனால் வெளியே பிறந்த ஒலிக்கு வாசலில் அனுமதி இல்லை. முத்துக்குளித்தவர்கள் இதைப் புத்தகத்தில் படிக்கவில்லை. அவர்கள் கயிற்றை நம்பினார்கள். குளியாள் கீழிருந்து கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவர் அவரைத் தூக்கிவிடுவார். எச்சரிக்கைக்கு எந்த இடத்தில் எந்த வழி பொருந்தும் என்று யோசிப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

துறைமுகத்துக் கப்பல் ஹாரனுக்கும் சட்டம் இருக்கிறது. 200 மீட்டரோ அதற்கு மேலோ நீளமுள்ள கப்பலின் ஹாரன் 70 முதல் 200 ஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும் என்பது உலகம் முழுவதற்குமான கடல் விதி. 75 மீட்டரிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தால் 130 முதல் 350 வரை. அதைவிடச் சிறிய கப்பலுக்கு 250 முதல் 700 வரை. மூடுபனியில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும், வருவது பெரிய கப்பலா சின்னக் கப்பலா என்று காதுக்குத் தெரிந்துவிடும். தணிந்த ஒலியைக் காற்று அதிகம் உறிஞ்சாது என்பதால் அது தூரமும் போகும். ஒரு நொடி அளவுக்கு ஒரே ஒரு முறை ஊதினால் 'நான் வலப்பக்கம் திரும்புகிறேன்'. இரண்டு முறை என்றால் இடப்பக்கம். மூன்று முறை என்றால் 'என் எஞ்சின் பின்னோக்கி இயங்குகிறது'. ஐந்து முறை விரைந்து ஊதினால் 'நீ என்ன செய்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை' என்று எதிர்க்கப்பலை எச்சரிப்பது. கடற்கரைச் சாலையில் நிற்கும்போது ஹாரன் கேட்டால் எண்ணிப் பாருங்கள், கப்பல் பேசுவது உங்களுக்கும் புரியும்.

சைரனை எதற்காக அடிக்கடி சோதிக்க வேண்டும்? 2004 டிசம்பர் 26 காலை 6.29 மணி அளவில் சுமத்ரா அருகே கடலடி நிலநடுக்கம். தமிழகக் கரையை ஆழிப்பேரலை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரம் கையில் இருந்தும் கரையில் இருந்தவர்களுக்குச் சொல்ல வழி இல்லை. இந்தியப் பெருங்கடலில் அப்போது எச்சரிக்கை அமைப்பே கிடையாது. 2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. மையம் செய்தி அனுப்பலாம். அதைச் சொல்லும் சைரன் குப்பத்தின் கடைசி வீட்டுக்குக் கேட்கிறதா என்பதை ஒலிக்கவிட்டுப் பார்த்தால்தான் தெரியும். துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு கண்ணுக்கான எச்சரிக்கை, உறங்குகிறவரை எழுப்ப ஒலிதான் வேண்டும்.

2025 மே 7 அன்று நாடெங்கும் பாதுகாப்பு ஒத்திகை நடந்தது நினைவிருக்கும். தமிழ்நாட்டில் சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கத்திலும் நடத்தினார்கள். சைரன் ஏறி இறங்கி ஏறி இறங்கி அலறினால் ஆபத்து. ஒரே சீராக நீண்டு ஒலித்தால் ஆபத்து நீங்கியது. ஏறி இறங்குவது எப்படி வருகிறது என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். மோட்டார் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்கிறார்கள்.

சரி, பதிவு செய்வது எப்படி? சாதாரணக் கைப்பேசி போதும். கடற்கரையில் பெரிய எதிரி காற்றுதான். மைக்கில் அது மோதினால் பதிவு முழுவதும் 'தப் தப்' என்றிருக்கும். கைப்பேசியைச் சுத்தமான பருத்திச் சாக்ஸுக்குள் போட்டு, சுவருக்கோ ஏற்றி வைத்த வள்ளத்துக்கோ மறைவில் வையுங்கள். கையில் பிடிக்காதீர்கள், விரல் உரசும் சத்தமும் பதிவாகும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கைப்பேசி தானாகவே சின்னச் சத்தத்தைக் கூட்டும், பெரிய சத்தத்தைக் குறைக்கும். பக்கத்தில் எடுத்ததும் தூரத்தில் எடுத்ததும் ஒரே அளவாகத் தோன்றும். அந்த வசதியை நிறுத்த அமைப்புகளில் வழி இருந்தால் நிறுத்திவிடுங்கள். பதிவின் தொடக்கத்தில் நாள், நேரம், இடம், காற்று இவற்றை உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். தாள் தொலைந்தாலும் குரல் இருக்கும்.

இரண்டு பேராகப் போனால் ஒலியின் வேகத்தையே அளந்துவிடலாம். இரண்டு கைப்பேசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பதிவைத் தொடங்கி, ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். பதிவை நிறுத்தாமல் ஒருவர் சைரனை விட்டு நேர்கோட்டில் விலகிப் போகட்டும். சைரன் ஒலித்து முடிந்ததும் இரண்டு பதிவுகளிலும் கைதட்டல் ஒரே புள்ளியில் வரும்படி பொருத்திப் பாருங்கள். 700 மீட்டர் தள்ளி நின்றவரின் பதிவில் சைரன் சுமார் 2 நொடி பிந்தித் தொடங்கும். 700-ஐ 2-ஆல் வகுத்தால் 350. நம் புதிய துறைமுகத்து அலைதடுப்புச் சுவர்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளம். ஒரு முனையில் எழும் ஒலி மறுமுனைக்குப் போக 11 நொடிக்கு மேல் ஆகும்.

சைரன் கம்பத்தின் அடியில் நிற்காதீர்கள். 120 டெசிபலில் காது வலிக்கத் தொடங்கும். தூரம் இரு மடங்கானால் 6 டெசிபல் குறையும், ஆகவே தள்ளி நிற்பதே நல்லது, பதிவும் தெளிவாக வரும். துறைமுகம், அனல்மின் நிலையம் போன்ற காவல் உள்ள இடங்களுக்குள்ளோ மதிலோரத்துக்கோ போக வேண்டாம். பொதுக் கடற்கரையும் சொந்த மொட்டைமாடியும் போதும், அதுவும் பெரியவர் ஒருவர் துணையோடு.

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 30, காந்தியடிகள் நினைவு நாள். சைரன் உள்ள இடங்களில் காலை 10.59-க்கு அதை ஒலிக்கவிட்டு 11 மணிக்கு நிறுத்துவார்கள். இரண்டு நிமிடம் மௌனம். 11.02-க்கு மறுபடி ஒலிக்கும். மௌனத்தில் நீங்களும் நில்லுங்கள், பதிவு தானாக ஓடட்டும். ஒரே பதிவில் ஏற்றம், இறக்கம், இடையில் ஊர் அடங்கிய ஓசை எல்லாம் கிடைக்கும். உங்கள் ஊர்ச் சங்கு இன்னும் வேலை செய்கிறதா என்று இப்போதே விசாரித்து வையுங்கள். வேலை செய்யவில்லை என்றால் அதன் கீழே நின்று வேலை பார்த்த ஒருவரைத் தேடி, அது எப்படி ஒலித்தது என்று அவரைச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். நீங்கள் எடுத்த சைரன் பதிவை ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்குக் கேட்கும்படி ஒலிக்கவிடாதீர்கள். 2004-ஐப் பார்த்தவர்கள் நம் கரையில் இன்னும் வாழ்கிறார்கள். ஹெட்போனில் கேளுங்கள்.